பத்திரமான நம்பர்

நானும் என் ஓரகத்தியும் ஒரே சமயத்தில் கர்ப்பமாக இருந்தோம். எனக்கு முதல் பிள்ளை, அவளுக்கு இரண்டாவது. அண்ணனை அவள் கட்டியிருந்தாள், தம்பியை நான். குன்னூருக்குப் பக்கத்தில், பட்டாள முகாம் இருக்கும் வெலிங்டனை ஒட்டிய சின்னக் கடைவீதி ஒன்றில் அந்த அண்ணன் தம்பிக்கு மளிகைக் கடை இருந்தது. கீழே கடை, மேலே வீடு. மாமனார் மாமியார் இருவருமே நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் வீட்டில் பெண் என்று நாங்கள் இரண்டு பேரும், அவளுடைய சின்ன மகளும்தான்.

அந்தக் காலத்தில் அவளைப் பற்றி யாரிடம் பேசினாலும் ‘அக்கா வந்தாங்க, அக்கா சொன்னாங்க’ என்றுதான் பேசுவேன். இப்போது எழுத உட்கார்ந்தால் அந்த ‘ங்க’ வரமாட்டேன் என்கிறது. அவள் என்றே எழுதுகிறேன்.

நான் அவிநாசிப் பக்கம். குளிர் என்றால் மார்கழியில் விடிகாலையில் கொஞ்சம் சில்லென்று இருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தவள். மலைக்கு வந்த முதல் வாரத்திலேயே உதடு வெடித்துவிட்டது. அவள்தான் தேங்காயெண்ணெயைச் சுடவைத்துத் தடவிவிட்டாள். தலைக்குக் குளித்தால் எப்படிக் காயவைப்பது, உளுந்து மாவு புளிக்க எங்கே வைப்பது, துணி வாரக்கணக்கில் காயாமல் போனால் என்ன செய்வது, எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். “அம்மணி, இந்த ஊருக்குப் பழக ஒரு மழை பாக்கோணும்” என்பாள். நான் அந்த ஒரு மழையை அவளோடு அடுப்பங்கரையில் உட்கார்ந்துதான் பார்த்தேன்.

அவள் கணவர் அடிப்பார். சுவர் பலகைச் சுவர். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருக்க வழியே இல்லை. முதலில் அவர் குரல் வரும், பிறகு ஏதாவது சாய்கிற சத்தம், பிறகு ஒன்றுமே கேட்காது. அவள் அழமாட்டாள். மறுநாள் காலை கடையிலிருந்து தைலப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காருவாள். நான் தேய்த்துவிடுவேன். எதுவும் கேட்கமாட்டேன். அவளும் சொல்லமாட்டாள். 

என் கணவர் அடிக்கமாட்டார். குரலை உயர்த்தக்கூட மாட்டார். கடையில் அவரைத் தங்கமான மனுஷன் என்பார்கள், பட்டாளத்துக்காரர்களின் மனைவிமார் அவரிடம்தான் கணக்கு வைத்துக்கொள்வார்கள். அவருக்கு என்மேல் கோபம் வந்தால் என் புஜத்தைப் பிடித்து, பின்பக்கக் கதவைத் திறந்து, படிக்கட்டில் கொண்டுபோய் நிறுத்துவார். “உனக்குச் சூடு சாஸ்தியாயிருக்கு. ஆறீட்டு வா” என்பார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். ஸ்வெட்டர் போட்டிருந்தால் அதைக் கழற்றி வாங்கிக்கொண்ட பிறகுதான் சாத்துவார். தை மாதப் பனியில் அந்தப் படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும். எதற்கு நிறுத்துகிறார் என்று பார்த்தால் குழம்பில் உப்பு, அம்மாவோடு ஃபோனில் அதிக நேரம் பேசியது, கடைக்கு வந்த யாரையோ பார்த்துச் சிரித்தது. கர்ப்பம் என்று தெரிந்த பிறகு நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. இன்னும் அடிக்கடி ஆனது.

அடுப்பங்கரை ஜன்னல் அந்தப் படிக்கட்டுப் பக்கம்தான் திறக்கும். நான் வெளியே நிற்கும்போது கொஞ்ச நேரத்தில் அந்த ஜன்னல் சத்தமில்லாமல் திறக்கும். ஒரு கம்பளி வரும். அதற்குப் பின்னால் ஒரு டம்ளர் கடுந்தேநீர், சில சமயம் இரண்டு வர்க்கி பிஸ்கட். அவள் முகம் தெரியாது, கை மட்டும் தெரியும். தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் நான் கம்பளியை ஜன்னல் வழியாகத் திருப்பித் தந்துவிட்டு வெறுங்கையோடு நிற்பேன். அந்த வீட்டில் என்னை உயிரோடு வைத்திருந்தது அந்தக் கைதான் என்று நான் மனதார நம்பினேன்.

கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்துதான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஒரு முறை நர்ஸம்மா, அடுத்த வாரம் வரும்போது தாய் சேய் நலம் பற்றி ஓர் ஆய்வுக்காகச் சில கேள்விகள் கேட்பார்கள், கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். நான் பெரிதாக நினைக்கவில்லை. அவள்தான் விசாரித்து வைத்திருந்தாள். எங்கள் கடைக்கு வரும் பெண் ஒருத்தியை முந்தின வாரமே கேட்டுவிட்டார்கள். என்ன கேட்டார்கள் என்று அந்தப் பெண் இவளிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த வாரம் பஸ்ஸில் போகும்போது அவள் என் காதருகே குனிந்தாள்.

“சத்து மாத்திரை பத்தின்னு சொல்லித்தான் கூப்படறாங்களாமா. உள்ள போனாப் பொறவு கதவைச் சாத்திட்டு, ஊட்டுக்காரர் அடிக்கறாரா, தள்ளறாரா, வயித்துல எத்தறாரான்னு கேக்கறாங்களாமா.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அதையெல்லாம் எதுக்குங்க்கா கேக்கறாங்க?”

“மாசமா இருக்கறவங்கள்ல எத்தனை பேருக்கு இப்படி நடக்குதுன்னு எண்ணிப் பாக்கறாங்களாமா. பேரு எழுதமாட்டாங்களாமா.”

பஸ் வளைவில் திரும்பியது. அவள் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் என் கையைப் பிடித்தாள்.

“நாம ரெண்டு பேரும் சொல்லீரலாம் அம்மணி. யாரு காதுலயாவது ஒருக்கா போட்டு வெச்சாத்தான் நமக்கும் ஆறும். நீ ஒருத்தி சொல்லி நான் சொல்லாம இருந்தாலோ, நான் சொல்லி நீ சொல்லாம இருந்தாலோ நல்லாயிருக்காது. சொன்னா ரெண்டு பேரும்.”

“சரிங்க்கா” என்றேன். அந்த யோசனை அவளுடையது. அதை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். யோசனை அவளுடையதுதான்.

கேள்வி கேட்க வந்திருந்தவள் சின்னப் பெண். கேரள எல்லைப் பக்கம் இருக்கும் தேவாலாவிலிருந்து வருகிறாளாம். பேச்சில் மலையாளம் கலந்து வந்தது. என்னைவிட வயதில் சின்னவள், அதனால் மாறிமாறி அக்கா என்றும் சேச்சி என்றும் கூப்பிட்டாள். முதலில் கீரை, முட்டை, மாத்திரை, தூக்கம் என்று கேட்டாள். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

“இனிமே கேக்கறது கொஞ்சம் சொந்த விஷயம். பதில் சொல்ல இஷ்டமில்லைன்னா விட்டுடலாம். நடுவுல யாராவது உள்ள வந்தா நான் திரும்பவும் கீரை, முட்டைன்னு கேக்க ஆரம்பிச்சிருவேன், நீங்களும் அப்படியே பதில் சொல்லுங்க. பேடிக்க வேண்டாம் சேச்சி, பயமே இல்லை.”

அறைந்திருக்கிறாரா? இல்லை. தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கிறாரா? இல்லை. வயிற்றில் உதைத்திருக்கிறாரா? இல்லை. அவள் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, நான் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே போனேன். சொல்லவேண்டும் என்று வந்துவிட்டு இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோமே என்று எனக்குப் பதற்றமாகிவிட்டது. எனக்கு நடப்பதை யாரும் கேட்கவே இல்லை. கேள்விகளை எழுதியவர்கள் குளிர் இல்லாத ஊர்க்காரர்களாக இருந்திருக்க வேண்டும்.

கடைசியில் நானே சொன்னேன். “அடிக்கறதில்லைங்க. வெளிய நிறுத்துவாருங்க.”

“வெளியன்னா?”

“பனியில. ஸ்வெட்டரைக் கழட்டி வாங்கிட்டு.”

அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். தனக்குக் கொடுத்திருந்த கட்டங்களை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் பொடிப்பொடியாக எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, “எத்தனை தடவை? ஒரு தடவையா, சில தடவையா, பல தடவையா?” என்றாள்.

சிலவுக்கும் பலவுக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்தேன். “பல” என்றேன். அந்தச் சின்னச் சொல்லைச் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. அதுவரை எனக்கு அது ஒரு தடவை, இன்னொரு தடவை, மறுபடி ஒரு தடவை என்றுதான் இருந்தது.

அவள் தண்ணீர் கொடுத்தாள். உதவி வேண்டுமென்றால் எங்கே போகலாம் என்று சொன்னாள். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் இன்னொரு முறை கேட்கவேண்டும், அதற்கு ஃபோன் செய்ய வேண்டியிருக்கும் என்றாள்.

“உங்க ஃபோனுக்குக் கூப்பிடலாமா?”

“என்ற ஃபோனை அவரு எடுத்துப் பாப்பாருங்க.”

“அப்ப வேற பத்திரமான நம்பர் ஏதாவது இருக்கா? உங்களுக்கு நல்லா நம்பிக்கையான ஆளா இருக்கணும்.”

யோசிக்கவே இல்லை. ஓரகத்தியின் நம்பரைச் சொன்னேன். அது எனக்கு மனப்பாடம். “அவங்க பத்திரமான ஆள்தானே?” என்று மறுபடியும் கேட்டாள். “அவங்களைவிடப் பத்திரமான ஆள் எனக்குக் கெடையாதுங்க” என்றேன்.

எனக்குப் பிறகு ஓரகத்தி உள்ளே போனாள். நான் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான் நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே வெளியே வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன். “நான் எல்லாம் சொல்லிட்டனுங்க்கா. நீங்க?”

“ம்.”

“உங்க நம்பரைத்தான் குடுத்திருக்கறேன். அந்தப் பொண்ணு கூப்பிட்டா எனக்குக் குடுங்க்கா.”

“ம், சரி” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொன்னதை நினைத்து மனம் கனத்திருக்கிறது, அதனால்தான் பேசவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். அவள் தோளில் சாய்ந்துகொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் எனக்கு மனசு லேசாக இருந்தது. வெளியே நிறுத்தினாலும் முன்போல் இல்லை. இது எங்கோ ஒரு தாளில் இருக்கிறது, ஒருத்திக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு நிற்பேன். இன்னொரு மாற்றமும் இருந்தது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவள் தைலப் புட்டியைக் கொண்டுவரவில்லை. நல்லதுதான் என்று சந்தோஷப்பட்டேன். ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கடையை அரைநாள் சாத்திவிட்டு அண்ணன் தம்பி இருவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் இருவரும் பரிமாறிக்கொண்டிருந்தோம். அடுப்பு மேடையில் வைத்திருந்த அவளுடைய ஃபோன் அடித்தது. எடுத்து நம்பரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போவாள், கொஞ்ச நேரத்தில் நானும் ஏதாவது சாக்குச் சொல்லிப் போகலாம் என்று கரண்டியைக் கீழே வைத்தேன்.

அவள் நேராகப் போய் என் கணவரிடம் ஃபோனை நீட்டினாள்.

“தம்பி, அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணுதான் கூப்படறா. அன்னிக்குச் சொன்னனில்லைங்க.”

அன்றைக்குச் சொன்னேன் இல்லையா. அப்படியென்றால் முன்பே சொல்லியிருக்கிறாள். இத்தனை நாளும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இந்த ஃபோனுக்காகத்தான் எல்லோரும் காத்திருந்திருக்கிறார்கள். நான் ஒருத்திதான் அது எனக்கு வரப்போகும் ஃபோன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் எச்சில் கையைத் தட்டில் வைத்துவிட்டு, இடது கையால் ஃபோனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். “சொல்லுங்க. நான் அவங்க ஊட்டுக்காரர்தான் பேசறேன்.”

அந்தப் பெண் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. “வணக்கங்க சார். தாய் சேய் நல ஆய்வுல இருந்து பேசறேன். சத்து மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாங்களான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்.”

“அதெல்லாம் சாப்பிடறாங்க. அன்னிக்கு வேற என்னங்க கேட்டீங்க?”

“கீரை, முட்டை, பால் எல்லாம் எவ்வளவு எடுத்துக்கறாங்கன்னு கேட்டோம் சார்.”

“அவ்வளவுதானுங்களா?”

“அவ்வளவுதான் சார். கால் வீக்கம் இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க.”

“ரொம்ப நல்லதுங்க” என்று சிரித்துக்கொண்டே வைத்தார். முன்பின் தெரியாத அந்தப் பெண், எனக்குக் கொடுத்த வாக்கைக் கடைசிவரை காப்பாற்றினாள்.

அவர் ரசம் கேட்டார். நான் ஊற்றினேன். பாதி தட்டுக்கு வெளியே கொட்டியது. பிசைந்துகொண்டே கேட்டார். “என்னன்னு சொன்னே? ஒரு தடவையா, சில தடவையா, பல தடவையா?”

அந்த வார்த்தைகள்கூட அவருக்குத் தெரிந்திருந்தன. நான் அவளைப் பார்த்தேன். அவள் தன் கணவருக்கு அப்பளம் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

“எங்கிட்டயும் கேட்டாங்க. எங்க ஊட்டுல அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லிப்போட்டேன். குடும்ப மானத்தை வெளிய கொண்டுபோறதுக்கா ஆஸ்பத்திரிக்குப் போறோம்?”

அவள் கணவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, “அவ வெவரமானவ” என்றார்.

என் கணவர் அன்று என்னை ஒன்றும் செய்யவில்லை. என் அப்பாவுக்கு ஃபோன் செய்தார். உங்கள் மகள் எங்கள் குடும்பத்தைப் பற்றி அரசாங்கத்தில் எழுதிவைத்திருக்கிறாள், வந்து என்னவென்று கேளுங்கள் என்றார். மறுநாள் அப்பா மேட்டுப்பாளையம் வந்து பஸ் பிடித்து மலையேறி வந்தார். குளிருக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன், என் கணவரை வைத்துக்கொண்டே சொன்னேன்.

அப்பா தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டார். பிறகு சொன்னார்: “கை நீட்டலையில்ல கண்ணு. மாப்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டுக்க. புள்ளை பொறந்தா எல்லாஞ் சரியாப் போயிரும்.”

கேட்டேன். அவள் வாசற்படியில் மகளை மடியில் வைத்துப் பின்னல் போட்டுக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா போன பிறகும் நான் அவளோடு அதே அடுப்பில் சமைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஒரே ஒரு முறை, வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது, “ஏனுங்க்கா இப்படிப் பண்ணுனீங்க?” என்று கேட்டேன். அவள் உரித்த வெங்காயத்தை அள்ளிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

எனக்கு மாதம் நிறைந்துகொண்டு வந்தது. ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில், கடைப்பையனிடம் நான் ஏதோ சொன்னேன் என்று மேலே வந்த என் கணவர், என் புஜத்தைப் பிடித்தார். ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னார். படிக்கட்டில் நிறுத்திக் கதவைச் சாத்தினார். மேகம் கீழே பள்ளத்திலிருந்து ஏறிவந்து படிக்கட்டை மூடியது. எனக்கு வயிறு இழுத்துப் பிடித்தது. விட்டது. மறுபடி பிடித்தது.

அடுப்பங்கரையில் விளக்கு எரிந்தது. ஜன்னல் கண்ணாடியில் அவள் நடமாடுவது தெரிந்தது. என்னவோ அரைத்தாள், தாளித்தாள். கடுகு வெடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. அத்தனை நடந்த பிறகும் நான் அந்த ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், எனக்குள் அவள் திறப்பாள் என்று நம்பிக்கை இருந்தது. வயிறு மூன்றாவது முறை பிடித்தபோது நானே போய்க் கண்ணாடியைத் தட்டினேன். “அக்கா, வலிக்குதுங்க்கா” என்றேன். அவள் நிழல் அசையாமல் நின்றது. பிறகு அவள் கை மேலே போனது. ஜன்னலின் உள்கொக்கியை மாட்டினாள்.

அந்தச் சின்னச் சத்தத்தோடு அந்த வீடு எனக்கு முடிந்துபோனது. படிக்கட்டில் இறங்கினேன். பின்சந்து வழியாக ரோட்டுக்கு வந்தேன். எங்கள் கடைக்கு வரும் பட்டாளத்துக்காரரின் மனைவி ஒருத்தி, இந்திக்காரி, எதிரில் வந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. என்னைப் பார்த்த மாத்திரத்தில் தன் சால்வையை எடுத்து என்மேல் போர்த்தி, ஓர் ஆட்டோவை நிறுத்தி, என்னோடு ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வலி பொய்வலி என்றார்கள். ஆனாலும் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். இரண்டொரு நாளில் தேவாலாப் பெண் வார்டுக்கு வந்தாள். நர்ஸம்மா சொல்லியிருக்க வேண்டும். என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள்.

“அவங்க பத்திரமான ஆளான்னு நான் ரெண்டு தடவை கேட்டேனே சேச்சி.”

“நானும் ரெண்டு தடவையும் ஆமான்னுதானே சொன்னேன்” என்றேன். அவளைத் தேற்ற வேண்டியவளாக நான் ஆகிவிட்டேன்.

அவள் எங்கள் வீட்டுக்குப் போலீசைக் கூட்டிப் போகலாம் என்றாள், ஒரு விடுதி இருக்கிறது என்றாள். நான் என் அம்மாவை மட்டும் வரச் சொன்னேன். அப்பாவுக்குச் சொல்லாமல் அம்மா வந்தாள். ஆஸ்பத்திரியிலேயே பெண் பிறந்தாள். நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவே இல்லை. மலையை ஒரேயடியாக விட்டும் போகவில்லை. அவிநாசிக்குப் போய்க் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட முடியாமல், ஊட்டியில் ஒரு பள்ளி விடுதியில் வேலை கிடைத்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறிவந்துவிட்டேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

ஆய்வு முடிந்ததும் தேவாலாப் பெண் என்னைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் முடிவுகளைச் சொல்லப்போகிறார்கள், விருப்பமிருந்தால் வாங்க சேச்சி என்றாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். இத்தனை பேரைக் கேட்டோம், இத்தனை பேர் ஆமாம் என்றார்கள் என்று திரையில் போட்டுக் காட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர், “பரவாயில்லையே, நாம நெனச்ச அளவுக்கு இல்லை” என்றார். எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. அந்தக் கணக்கில் ஒன்று குறைகிறது. நான் என் கையால் தைலம் தேய்த்த முதுகு அதில் இல்லை. எனக்குத் தெரிந்தே ஒன்று குறைகிறது என்றால், தெரியாமல் எத்தனை குறைந்ததோ. ஆனால் அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை? அவளுடைய பதில் அவளுடையது. அங்கே கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

போன வருஷம் அவளைப் பார்த்தேன். விடுதிக்குக் காய்கறி எடுக்க ஊட்டி மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். கேரட் மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் யாரோ, “அம்மணி” என்றார்கள். அந்தக் குரலுக்கு என் உடம்பு எனக்கு முன்னால் திரும்பிவிட்டது. முடி பாதி நரைத்திருந்தது. கையில் ஆஸ்பத்திரிப் பை. அவள் கணவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டதாம், மருந்து வாங்க வந்தாளாம். என் கணவர் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு கோயமுத்தூருக்குப் போய்விட்டதை அவளாகவே சொன்னாள். நான் கேட்கவில்லை.

“ஒரு டீ குடிக்கலாமா?” என்றாள்.

போயிருக்கக்கூடாது. ஆனால் எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கடையில் உட்கார்ந்ததும் கேட்டேன். “ஏனுங்க்கா அப்படிப் பண்ணுனீங்க?”

இந்த முறை அவள் எழுந்து போகவில்லை. “சொல்லோணும்னுதான் உள்ள போனேன்” என்றாள். “அந்தப் பொண்ணு கதவைச் சாத்துனதும் பயமாப் போச்சு. இல்லை இல்லைன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன். உங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அன்னிக்கே ஊட்டுக்காரரு, ஆஸ்பத்திரியில ஏன் இத்தனை நேரம், என்ன கேட்டாங்கன்னு என்றகிட்ட நோண்டி நோண்டிக் கேட்டாரு. கையை ஓங்கிட்டாரு. நான் ஒண்ணும் சொல்லலைன்னேன். நம்பலை. அப்பத்தான் சொன்னேன். அவதான் சொன்னா, நான் சொல்லலைன்னு.”

“அப்பறம்?”

“நம்பிட்டாரு. ஓங்குன கையைக் கீழ போட்டுட்டாரு. ஃபோன் வந்தாத் தம்பிகிட்டக் குடுன்னாரு. அந்த ஃபோன் வந்த பொறவு, இனி ஜன்னலைத் தொறந்தா உன்னையும் அவகூட நிறுத்திருவேன்னாரு.” அவள் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “பையன் பொறக்கற வரைக்கும் என்ற மேல ஒரு அடி உளுகலை அம்மணி. மூத்தவ வயித்துல இருந்தப்ப நான் பட்டது உனக்குத் தெரியாது. இவன் நல்லபடியாப் பொறந்தான்.”

“அதுக்கப்பறம்?”

“அதுக்கப்பறம் பழையபடிதான்.”

அவள் சொன்னது எல்லாம் உண்மை என்று எனக்குத் தெரிந்தது. என்னைக் கொடுத்து அவள் தன் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டுக்கொள்ளாமல் இருக்கும் அளவுக்கு நான் கெட்டவள் இல்லை, கேட்டுக்கொண்டேன். பதில் தெரியவில்லை. ஆனால் பயம் என்று அவள் சொன்ன எதுவும், வலிக்கிறது என்று நான் சொன்ன பிறகு மாட்டிய அந்தக் கொக்கியை என் காதிலிருந்து எடுக்கவில்லை. என் கணவர்மேல் எனக்கு இப்போது கோபம்கூட இல்லை, அவர் எனக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. எல்லாக் கோபமும் இவள்மேல்தான். அது நியாயமில்லை என்று தெரியும். தெரிந்தும் குறையவில்லை.

“மன்னிச்சுக்க” என்றாள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க்கா” என்றேன்.

சில மாதங்களுக்கு முன் அவள் கணவர் இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அம்மா ஃபோன் செய்து, ஆயிரம் இருந்தாலும் ஒரு எட்டுப் போய் அவளைப் பார்த்துவிட்டு வா என்றாள். சரி என்று லீவு சொன்னேன். புடவை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். குன்னூர் பஸ் வந்து நின்றது, ஆட்கள் ஏறினார்கள், கிளம்பிப் போனது. நான் ஏறவில்லை. பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மகள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் என்று அவளைக் கூட்டிவரப் போய்விட்டேன்.